பதின்மூன்றாவது கிளாஸ்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தபோது பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பன்னிரண்டு கிளாஸ்கள் இருந்தன. அடுத்த பத்து வருடத்தில் அதிகாரபூர்வமாகக் கூடச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: 2019-இல் வந்த ஆர்டிஃபிசர். இத்தனைக்கும் இதை வெளியிடும் இதே கம்பெனி, மூன்றாம் பதிப்பு ஓடிய காலத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் புது கிளாஸாக அள்ளி இறைத்தது. ‘இப்போ மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?’ என்று எங்கள் குழுவில் அடிக்கடி சண்டை வரும். அந்தச் சண்டையில் நான் எப்போதும் கஞ்சன் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறோம். அதில் ஒருவர் டிஎம். உலகத்தையும் அதில் வரும் ராஜா, பூதம், சத்திரக்காரன் எல்லாரையும் அவர்தான் நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்ல வேண்டியது. பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டியது. அந்தப் பாத்திரத்துக்கு என்ன தொழில், என்னென்ன கைவரும் என்று சொல்வதுதான் கிளாஸ். சண்டைக்கு ஃபைட்டர், மந்திரத்துக்கு விசார்ட், பூட்டிய கதவுக்கு ரோக், இப்படி.

புது கிளாஸ் எழுதுவது இந்தப் பொழுதுபோக்குக்குள்ளேயே தனிப் பொழுதுபோக்கு. கொஞ்ச நாள் ஆடியவர் யாராக இருந்தாலும் ஒரு பிடிஎஃப் வைத்திருப்பார். ‘எப்படி இருக்கு, பாருங்க’ என்று அனுப்புவார். கூடவே இரண்டு காரணங்களில் ஒன்று வரும். ‘இப்படி ஒரு சக்தி வேறு எந்த கிளாஸுக்கும் இல்லை’ என்பது ஒன்று. ‘இப்படி ஒரு ஆளை இதுவரை ஆட முடியாது’ என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் இரண்டுமே ஆடப்போகிறவரின் ஆசைகள். அவருக்கு என்ன கிடைக்கிறது என்பது பாதிக் கணக்கு. மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கு அந்த கிளாஸ் என்ன தருகிறது, அவர்களிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்பது மீதி. இந்த ஆட்டத்தின் ஐம்பது வருட வரலாற்றில் நிலைத்த கிளாஸ்களையும் உதிர்ந்தவற்றையும் பார்த்தால், பெரும்பாலும் அந்த மீதியில்தான் விஷயம் இருக்கிறது.

தேவைக்குப் பிறந்தவர்

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டி அண்ட் டியில் மூன்றே மூன்று கிளாஸ்கள்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். முதல் இரண்டும் எளிதில் புரியும். வாள் ஒன்று, மந்திரக்கோல் ஒன்று. நடுவில் இந்தப் பாதிரியார் எங்கிருந்து வந்தார்?

மின்னசோட்டாவில் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவரின் பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டது. பெயர் சர் ஃபேங். அடக்க ஆளில்லாமல் அவர் வளர்ந்துகொண்டே போனார். அவரைச் சமாளிக்க உருவானவர்தான் சிலுவையும் கையுமாக வந்த பேய்வேட்டைப் பாதிரியார். அந்தக் காலத்து ஹேமர் கம்பெனியின் டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் வருவாரே, அந்த ஜாடை. யாரோ தனக்குப் பிடித்த வேஷத்தைக் கட்ட ஆசைப்பட்டதால் வந்த கிளாஸ் இல்லை இது. மேசையில் ஒரு சிக்கல் இருந்தது. அதைத் தீர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

காட்டேரி போன பிறகும் கிளெரிக் தங்கிவிட்டார், காயத்தை ஆற்றுபவராக. அங்கேதான் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. புது ஆட்டம் தொடங்கும்போது ‘யாரு கிளெரிக்?’ என்று கேட்டால் எல்லாரும் பகடையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். கிளெரிக் இல்லாமல் பாதாளத்துக்குள் போனால் உயிரோடு திரும்புவது கஷ்டம். இருந்தால், அவருக்கு ஆட்டம் முழுக்க ஆஸ்பத்திரி டியூட்டி. மற்றவர்களுக்கு இவ்வளவு தந்த கிளாஸ், ஆடுபவருக்குச் சலிப்பைத்தான் தந்தது. மூன்றாம் பதிப்பில், தயார்செய்து வைத்த வேறு மந்திரத்தை அந்த நிமிடமே குணப்படுத்தும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாலாம், ஐந்தாம் பதிப்புகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் ஒவ்வொருவரும் தானே தேறிக்கொள்ளலாம் என்று விதி வந்தது. அதன் பிறகுதான் கிளெரிக்கை ஆசைப்பட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். ஆகவே, நான் சொல்லும் மீதிக் கணக்கை வைத்துக்கொண்டு முதல் பாதியை மறந்துவிடக் கூடாது. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பத்து சதவீதத் திருடன்

முதல் டி அண்ட் டி வந்த அடுத்த வருடமே, 1975-இல், கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில் தீஃப் வந்தார். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கூடி ஆடியவர்கள் உருவாக்கிய யோசனை இது. கைகாக்ஸ் அதைக் கேள்விப்பட்டுத் தன் பாணியில் விதிகளாக எழுதினார். பூட்டைத் திறப்பது, பொறியைக் கண்டுபிடிப்பது, சத்தமில்லாமல் நடப்பது, நிழலில் ஒளிவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். லெவல் ஏற ஏற அந்தச் சதவீதமும் ஏறும்.

இதில் என்ன குறை என்கிறீர்களா? அதற்கு முன்னால் ஒளிய நினைத்தால் யார் வேண்டுமானாலும் ஒளியலாம். ‘திரைக்குப் பின்னால் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்’ என்று ஃபைட்டர் சொல்வார். காவலாளி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான், விளக்கு எங்கே இருக்கிறது என்று டிஎம் யோசித்துத் தீர்ப்புச் சொல்வார். தீஃப் வந்ததும் ஒளிவது ஒரு கிளாஸின் சொத்தாகிவிட்டது. மற்றவர் ஒளியப் போனால் ‘உன் தாளில் அது இல்லையே’ என்ற பதில் வந்தது. சரி, சொத்துக்காரராவது நன்றாக ஒளிந்தாரா? 1981-இல் வந்த பேசிக் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதல் லெவல் தீஃப் நிழலில் ஒளிய 10 சதவீத வாய்ப்பு, சத்தமில்லாமல் நடக்க 20 சதவீதம். நிபுணர் பத்தில் ஒன்பது தடவை மாட்டிக்கொள்கிறார். மற்றவர்கள் முயலவே தயங்குகிறார்கள். புது கிளாஸ் ஒன்று வந்து, மேசையில் எல்லாரிடமும் இருந்த ஒன்றைக் குறைத்துவிட்டது.

2023-இல் ஐபிஎல்லில் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தபோது ஆல்ரவுண்டர்களுக்காக எழுந்த புலம்பலை நினைத்துக்கொள்ளுங்கள். யாரையும் அணியை விட்டு எடுக்கவில்லை, ஒரு இடம் கூடத்தான் கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் இடமே கொஞ்சம் பேட்டிங், கொஞ்சம் பந்துவீச்சு என்று இருந்தவரின் வேலையை அரித்துவிட்டது. புது கிளாஸும் இப்படித்தான். அது எதையெல்லாம் ‘எனக்கு மட்டும்’ என்று எழுதிக்கொள்கிறதோ, அதெல்லாம் அடுத்தவர் தாளிலிருந்து அழிகிறது.

திருடனை ஆட்டம் கடைசியில் காப்பாற்றியது இதைத் திருப்பிப் போட்டுத்தான். மூன்றாம் பதிப்பில் ஒளிவது எல்லாருக்கும் பொதுவான திறமையானது. ரோக் என்று பெயர் மாறிய தீஃப் அதில் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர், அவ்வளவுதான். ஐந்தாம் பதிப்பில் அவருடைய பெரிய ஆயுதம் ஸ்னீக் அட்டாக். அது வேலை செய்ய ஒரு வழி, எதிரிக்கு ஐந்து அடிக்குள் தன் கூட்டாளி ஒருவர் நிற்பது. ‘நீ அவன் பக்கத்துல போய் நில்லு, மீதியை நான் பார்த்துக்கிறேன்’ என்று ரோக் கெஞ்சுவார். ஃபைட்டர் எங்கே நிற்கிறார் என்பதற்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. ஐம்பது வருடப் பழைய திருடன் இன்றும் மேசையில் இருக்கிறார் என்றால், இந்தக் கெஞ்சலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

தன் வேடிக்கை, பிறர் செலவு

நேர் எதிர் உதாரணம் வேண்டுமா? 1985-இல் வந்த அன்எர்த்ட் ஆர்கானா புத்தகத்தின் பார்பேரியன். கதைகளில் வரும் கோனான் மாதிரி மந்திரத்தை வெறுக்கும் காட்டு வீரன். கேட்க ஜோராக இருக்கிறது. விதியைப் பாருங்கள். ஆரம்ப லெவல்களில் மந்திரவாதிகளோடு அவர் சேரக் கூடாது. மந்திரப் பொருளை உடைத்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். குழு பாடுபட்டு ஒரு மந்திர வாளைக் கண்டுபிடிக்கும். பார்பேரியன் அதைக் கல்லில் அடித்து உடைத்துப் புள்ளி வாங்கிக்கொள்வார். ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்று வேறு சொல்வார். விதிப்படி சரியாகத்தான் ஆடுகிறார். நண்பர்கள்தான் மிஞ்ச மாட்டார்கள். மூன்றாம் பதிப்பில் அதே ஆளை ஆவேசம் வந்து அடித்து நொறுக்குபவராக மாற்றினார்கள். அந்த ஆவேசம் எதிரியை நோக்கிப் போகிறது, நண்பனின் வாளை நோக்கி இல்லை. பார்பேரியன் பிழைத்துக்கொண்டார்.

பொருளை மட்டுமில்லை, நேரத்தையும் பிடுங்கலாம். பாத்ஃபைண்டர் என்ற வேறொரு ஆட்டத்தில் 2010-இல் சம்மனர் என்றொரு கிளாஸ் வந்தது. தனக்கென்று ஒரு பிராணியைத் தானே அங்கம் அங்கமாக வடிவமைத்துக் கூட்டிக்கொண்டு திரியும். கற்பனைக்கு விருந்து, சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் கையில் இரண்டு உடல்கள், அதற்கு மேல் வரவழைக்கும் மிருகங்கள். அவர் முறை முடிவதற்குள் மற்றவர்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். 2015-இல் பாத்ஃபைண்டர் கம்பெனியே அந்த கிளாஸைத் திருத்தி எழுதி வெளியிட்டது. மூன்று மணி நேர ஆட்டத்தில் நாலு பேருக்கும் பங்கு உண்டு. அதில் ஒருவர் பாதியை எடுத்துக்கொண்டால் அது எவ்வளவு அழகான கிளாஸாக இருந்தும் பயனில்லை.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பிடுங்குகிற வகையும் உண்டு. ஐந்தாம் பதிப்புக்கு மிஸ்டிக் என்று ஒரு மனோசக்தி கிளாஸை 2017-இல் இருபது லெவல் வரைக்கும் எழுதி, சோதனைக்காக வெளியிட்டார்கள். அடிக்கும், ஆற்றும், மறையும், பறக்கும், மனதைப் படிக்கும். 2020-இல் கைவிட்டார்கள். மற்ற கிளாஸ்களின் எல்லைக்குள் நுழைகிறது, அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நான் இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

காரணம் தொலைத்தவர், கணக்கில் விழுந்தவர்

சில கிளாஸ்கள் யாருக்கும் கெடுதல் செய்யாமலே தடுமாறும். சோர்சரர் அப்படி. 2000-இல் மூன்றாம் பதிப்பில் வந்தபோது அவருக்கு அசைக்க முடியாத காரணம் இருந்தது. அன்றைய விசார்ட் காலையிலேயே ‘இன்று இந்த மந்திரம் இரண்டு தடவை, அந்த மந்திரம் ஒரு தடவை’ என்று மனப்பாடம் செய்துவைக்க வேண்டும். ஜாக் வான்ஸ் கதைகளிலிருந்து வந்த பழக்கம். சோர்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் கொஞ்சம். ஆனால் எதை எப்போது வேண்டுமானாலும் விடலாம். இரண்டு பேரும் நெருப்புப் பந்துதான் வீசுவார்கள். யோசிக்கும் விதம்தான் முழுக்க வேறு.

ஐந்தாம் பதிப்பில் அந்த வசதியை விசார்ட் உட்பட எல்லா மந்திரக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். சோர்சரருக்கு இருந்த காரணம் அத்தோடு காலி. ஈடுகட்ட, முன்பு எல்லாரும் கற்றுக்கொள்ள முடிந்த மெட்டாமேஜிக் வித்தைகளை அவர் கையில் கொடுத்தார்கள். அவற்றில் நல்லவை நல்லவைதான். அரசவையில் வாய் அசையாமல், விரல் அசையாமல் மந்திரம் போட முடிகிற ஒரே ஆள் சோர்சரர் என்றால், குழு போடும் திட்டமே மாறும். ஆனாலும் ‘இவர் விசார்டிலிருந்து எப்படி வேறு?’ என்று புதியவர் கேட்டால் இன்றைக்கும் டிஎம் ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறார்.

ட்ரூநேமர் கதை இன்னும் பரிதாபம். 2006-இல் டோம் ஆஃப் மேஜிக் புத்தகத்தில் வந்தது. பொருளின் உண்மைப் பெயரைச் சொன்னால் அந்தப் பொருளே கட்டுப்படும் என்ற யோசனை. அர்சுலா லெ குவினின் எர்த்சீ படித்தவர்களுக்குப் புல்லரிக்கும். ஆனால் பெயரைச் சொல்ல ஒரு பகடைச் சோதனை உண்டு. எதிரியின் பலம் ஒரு படி ஏறினால் எட்ட வேண்டிய இலக்கு இரண்டு ஏறும். லெவல் ஒன்று ஏறினால் உங்கள் திறமையோ ஒன்றுதான் ஏறும். அதாவது, அனுபவம் கூடக் கூட உங்கள் தொழில் உங்களுக்கே வராமல் போகும். போதாக்குறைக்கு, ஒரு வாசகத்தை வெற்றிகரமாகச் சொன்னால் அன்றைக்கு அதையே மறுபடி சொல்வது இன்னும் கடினம். விதியை வளைக்காமல் ஆடினால் குழுவுக்கு இவர் சுமை. சொன்னதைக் கணக்கு நிறைவேற்றவில்லை என்றால் அந்தக் கவித்துவத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்?

வேஷம் மட்டும் மாறுகிறவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கடற்கொள்ளைக்காரர், சாமுராய், அசாசின் எல்லாம் உள்ளே பார்த்தால் ஃபைட்டரோ ரோக்கோதான். 1975-இல் தனி கிளாஸாக வந்த அசாசின் 1989-இல் நீக்கப்பட்டு, 2014-இல் ரோக்கின் ஒரு கிளை ஆனார். அங்கே சௌகரியமாகத்தான் இருக்கிறார். சட்டை மாற்றத் தனி வீடு கட்ட வேண்டாம்.

கொடுக்கிற கிளாஸ்கள்

சரி, எது நல்ல புது கிளாஸ்? என் ஓட்டு முதலில் வார்லாக்குக்கு. 2004-இல் வந்தபோது, நாள் முழுக்கத் தீராத ஒரு மந்திர அடிதான் அதன் விசேஷம். பிந்தைய பதிப்புகளில்தான் சக்தி கொடுத்த எஜமானர் முன்னால் வந்தார். வனதேவதையோ, நரகத்துப் பிசாசோ, பெயரே சொல்ல முடியாத ஏதோ ஒன்றோ. ஆடுபவர் தன் தாளில் அதை எழுதும்போதே டிஎம் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிடுகிறார். அது கனவில் வரும், கூலி கேட்கும், சமயம் பார்த்துக் குழுவையே வேலை வாங்கும். 2014 விதிகளில் வார்லாக்கின் மந்திரங்கள் ஒரு மணி நேர ஓய்வில் திரும்பிவிடும். விசார்டுக்கு ராத்திரி முழுக்கத் தூங்கினால்தான் பெரும்பாலும் திரும்பும். அதனால் ஒவ்வொரு கதவு முன்னாலும் ‘கொஞ்சம் உட்காரலாமா, மேலே போகலாமா?’ என்று குழுவில் ஒரு வாக்குவாதம். கிளாஸ் ஒருவருடையது, வாக்குவாதம் எல்லாருடையதும்.

இரண்டாவது, 2008-இல் நாலாம் பதிப்பில் வந்த வார்லார்ட். மந்திரம் இல்லை. தளபதி. தன் முறையில் தான் அடிப்பதற்குப் பதில் ‘நீ அடி’ என்று கூட்டாளிக்கு ஒரு அடியைத் தூக்கிக் கொடுக்கலாம். விழப் போகிறவனைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டால் அவன் ஹிட் பாயிண்ட் ஏறும். கத்தினால் காயம் ஆறுமா என்று அன்றைக்குப் பெரிய கூச்சல். ஹிட் பாயிண்ட் என்றால் ரத்தமும் சதையும் மட்டுமில்லை, அதிர்ஷ்டமும் அனுபவமும் சேர்ந்தது என்று கைகாக்ஸ் 1979-லேயே டிஎம்களுக்கான புத்தகத்தில் விளக்கியிருந்தார். அதை ஒப்புக்கொண்டால் அதட்டலும் மருந்துதான். இதில் ஆபத்து இல்லாமலில்லை. அதிகாரம் பண்ணுகிறவர் கையில் வார்லார்ட் கிடைத்தால் நாலு பேரின் ஆட்டத்தையும் அவரே ஆடுவார். ஆனால் நிதானமான ஒருவர் ஆடினால், கூச்சத்தில் ஓரமாக இருந்த புதியவருக்குக்கூட ஒரு சுற்றில் இரண்டு தடவை பகடை உருட்ட வாய்ப்பு வரும். ஐந்தாம் பதிப்பு அவரைத் தனி கிளாஸாகத் திரும்ப எடுக்கவில்லை. அந்த வித்தைகளில் ஒன்றிரண்டை மட்டும் ஃபைட்டரின் கிளை ஒன்றுக்குக் கொடுத்தது. எனக்கு அதில் வருத்தம்தான். நான் கஞ்சன் கட்சி என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் எதிர்க்கட்சி.

டி அண்ட் டிக்கு வெளியே போனால் 2010-இல் வின்சென்ட் பேக்கர் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்ட் இருக்கிறது. அதில் கிளாஸுக்குப் பதில் பிளேபுக். ஒரு மேசையில் ஒரே பிளேபுக்கை இரண்டு பேர் எடுப்பதில்லை. யாராவது ஹார்ட்ஹோல்டரை எடுத்தால் அந்த நிமிடமே அழிந்துபோன உலகத்தில் ஒரு கோட்டை, அதில் குடிகள், அடியாட்கள், பஞ்சம், வரி எல்லாம் உண்டாகிவிடும். மற்றவர்கள் அந்தக் கோட்டைக்குள் வாழ்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். ஒருவரின் தேர்வு எல்லாருக்கும் ஊர் ஆகிறது. இதைவிடத் தெளிவாக என் வாதத்தை யாரும் விதியாக எழுதியதில்லை.

இப்போது அந்தப் பதின்மூன்றாமவர். ஆர்டிஃபிசர் பல வடிவங்களில் முன்பே எட்டிப் பார்த்திருந்தாலும் முழு கிளாஸாக நிலைத்தது 2004-இல், கீத் பேக்கர் உருவாக்கிய எபெரான் உலகத்தில். அங்கே மந்திரம் ஒரு தொழிற்சாலைச் சரக்கு. மின்னலில் ஓடும் ரயில் உண்டு, போருக்காக வார்த்த இயந்திர மனிதர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் மந்திரப் பொருள் செய்கிற கைவினைஞர் இல்லாமல் எப்படி? ஐந்தாம் பதிப்பிலும் அதே உலகத்தோடுதான் வந்தார். அவருடைய முக்கிய வேலை, சாதாரணப் பொருளை எடுத்து அதில் மந்திரத்தை ஏற்றுவது. ஏற்றியதைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஃபைட்டரின் வாளைக் கூர்மையாக்கலாம், விசார்டின் மந்திரக்கோலைச் செம்மையாக்கலாம். அடுத்தவர் பகடை உருட்டி, அந்தக் கூடுதல் ஒன்றினால் மட்டும் அடி விழுந்தால், மேசையே ஆர்டிஃபிசரைத் திரும்பிப் பார்க்கும். இந்த ஒருவர் கதவைத் தாண்டி உள்ளே வந்தது எனக்கு ஆச்சரியமே இல்லை.

கடைசியாக, பிடிஎஃப் வைத்திருக்கும் நண்பர்களுக்கு. உங்கள் கிளாஸை நீங்களே ஆடிச் சோதிக்காதீர்கள். வேறொருவரிடம் கொடுத்து ஒரே இரவில் முடிகிற சின்ன ஆட்டம் ஒன்று நடத்துங்கள். முடிந்ததும் அதை ஆடியவரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டாம். புதுச் சாமான் கையில் கிடைத்த சந்தோஷத்தில் ‘சூப்பர்’ என்றுதான் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து ஆடியவரிடம் கேளுங்கள்: ‘இவர் இருந்ததனால் நீ செய்ய முடிந்தது என்ன? செய்ய முடியாமல் போனது என்ன?’ முதல் கேள்விக்கு அவர் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் உங்கள் கிளாஸ் என் மேசைக்கு வரலாம். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் நீண்டால், இன்னொரு தடவை எழுதிவிட்டுக் கொண்டு வாருங்கள்.